இரண்டு மணிக்கு ஒரு டிக்

காலையில் ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்த வேலுமணி, மத்தியானம் இரண்டு மணிக்குச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பக்கவாதம் வந்து மூன்று வருடமாக இமையைத் தவிர வேறெதையும் அசைக்க முடியாத மனிதர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டியவள் மாளவிகா. அவள் புரட்டவில்லை.

தலைமாட்டில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். பத்து மணி, ஜன்னல் பக்கம். பன்னிரண்டு, மல்லாக்க. இரண்டு, சுவர்ப் பக்கம். நான்கு, மறுபடி ஜன்னல். எல்லாவற்றுக்கும் எதிரே டிக். காலையில் வந்ததுமே அன்றைக்கான டிக்குகளையெல்லாம் ஒரே மூச்சில் போட்டுவிட்டு மூலை நாற்காலியில் லேப்டாப்போடு உட்கார்ந்துவிடுவது அவள் வழக்கம். தாளில் இருந்தபடியே கிழவரும் இருந்தார்.

நாம்தான் புரட்டி, மறந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு அது வசதியாகவும் இருந்தது.

அமெரிக்காவில் அந்தக் கேட்டி ஊரிலேயே பெரிய மனசுக்காரர் என்று பெயரெடுத்தவர் வேலுமணியின் மகன் சபரிநாதன். படுத்துவிட்ட அப்பாவுக்கு நர்ஸ் வைத்தால் ஆகும் செலவை விசாரித்த அன்றே அவருக்குச் சமூக சேவையில் நாட்டம் பிறந்தது. ஒரு ஹோம் கேர் கம்பெனியைப் பதிவு செய்தார். அதன் தலைவர் அவர்; ஒரே நோயாளி அப்பா. ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்புக்கு விண்ணப்பிக்க நோயாளியைத் தொட்டுப் பார்த்துக்கொண்ட அனுபவம் ஆயிரக்கணக்கான மணி நேரம் வேண்டுமாமே, தமிழ்ப் பிள்ளைகள் வரட்டும், நான்கு மணி நேரம் இருந்தால் எட்டு என்று கையெழுத்துப் போடுகிறேன் என்றார். மாளவிகாவுக்கு முன்னால் இங்கே வந்த யாமினி இப்படித்தான் இடம் வாங்கினாள். அவளுடைய பார்ட்டிக்கு ஸ்டெதஸ்கோப் வடிவத்தில் கேக் வெட்டினார்கள். வேலுமணியை யாரும் அழைக்கவில்லை.

இன்று சபரிநாதன் குடும்பத்தோடு கப்பலில் குரூஸ் போயிருந்தார். வீடு ஓசையற்றுக் கிடந்தது. ஏ.சி. மட்டும் எங்கோ சுவருக்குள் மூச்சு விட்டது. லாவண்டர் ஸ்ப்ரேக்கு அடியிலிருந்து, பையில் மறந்துபோய் அழுகிய கொய்யாவைப் போல ஒரு வாடை மெல்ல எழுந்து வந்தது. போர்வையைத் தூக்கிப் பார்த்தால் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். அவள் இன்னொரு தடவை ஸ்ப்ரே அடித்தாள்.

போன் அடித்தது. அம்மா ருக்மிணி.

"எத்தனை ஹவர்ஸ் ஆச்சுடி?"

"எனஃப், மா. அப்ளிகேஷன் எஸ்ஸே மட்டும் சப்மிட் பண்ணணும்."

"போன வருஷம் மாதிரி இதுவும் போச்சுன்னா நான் பாட்லக் விருந்துப் பக்கம் தலை காட்ட முடியாது. பாதி டாக்டர் ஆயிட்டான்னு வேற சொல்லி வச்சிருக்கேன். நல்லா உருகி எழுது, படிக்கறவா அழணும். ஆமா, அவர் எப்படி இருக்கார்?"

"யாரு?"

அம்மாவும் வற்புறுத்தவில்லை.

உருகித்தான் எழுதியிருந்தாள். 'அவர் தினமும் என்னைப் பார்த்துப் புன்னகைப்பார்' என்று முதல் பத்தி. 'என் கையை இறுகப் பற்றிக்கொள்வார்' என்று இரண்டாவது. மூன்றாவது பத்திதான் அவளுக்கே பிடித்திருந்தது. 'ஒரு நாள் அவர் பக்கத்தில் படுத்து, அவர் பார்க்கும் சுவரையே நானும் பார்த்தேன். யாராவது வந்து புரட்டிவிட மாட்டார்களா என்று ஏங்கினேன். யாரும் வரவில்லை. அந்தப் படுக்கையிலிருந்து இன்றுவரை நான் எழுந்திருக்கவில்லை.' சத்தமாக ஒரு தடவை வாசித்துப் பார்த்தாள். ஒரு காற்புள்ளியைத் திருத்தினாள். நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சப்மிட்டை அழுத்தினாள்.

படுக்கை விரிப்பு சரசரத்தது.

அவள் தலையைத் தூக்குவதற்குள் அடங்கிவிட்டது. கிழவர் இப்போது ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். ஜன்னலை ஒட்டித்தான் அவள் நாற்காலி. கண்கள் அவள்மேல் இருந்தன. வலது கடைவாய் மெல்ல, தோல் கிழிவதுபோல் மேலே ஏறியது. பிறகு இடது.

முதல் பத்தி.

தலைமாட்டில் இருந்த அந்த டிக் தாளைக் கிழித்துவிட்டால் போதும் என்று தோன்றியது. ஏன் என்று யோசிக்கவில்லை. எழுந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, கட்டிலுக்கு மேல் சாய்ந்து தாளின் நுனியைப் பிடித்தாள். மணிக்கட்டில் ஈரமாக, குளிர்ச்சியாக ஏதோ சுற்றிக்கொண்டது. ஐந்து விரல்கள். வெட்டாமல் விட்ட நகங்கள்.

இறுகின.

"அங்கிள், ப்ளீஸ்."

அடுத்த பத்தி அவளுக்கு மனப்பாடம். முழங்கால் மடங்கியது. மெத்தை ஏற்றுக்கொண்டது. சுவர். சுவரில் ஓர் ஆணித் துளை. கத்தினாள். வாய் திறக்கவில்லை. காலை உதறினாள். கால் இல்லை. இமை மட்டும் அடித்துக்கொண்டது.

முதுகுக்குப் பின்னால் மெத்தை லேசானது. யாரோ நிதானமாக எழுந்தார்கள். போர்வை அவள் உச்சந்தலை வரை இழுத்து மூடப்பட்டது. செருப்பு தரையில் தேய்ந்தது. படிகளில் இறங்கியது. வாசல் கதவு திறந்து, மூடியது.

ஐந்து மணி ஷிஃப்டுக்கு அடுத்த பெண் மானஸா மாடியேறி வந்தாள்.

"ஹாய் தாத்தா," என்றாள் போர்வையைப் பார்த்து. பிறகு போனில், "ஐயாம் ஹியர், மா. மாளவிகா கிளம்பிட்டா போல. டோர் லாக் பண்ணாமயே கிடந்துச்சு."

புஸ்ஸென்று ஸ்ப்ரே. போர்வை நூலின் இடைவெளியில் லாவண்டர் இறங்கியது.

தலைமாட்டில் பேனா மூடி திறந்தது. ஆறு மணிக்கு ஒரு டிக். எட்டுக்கு ஒன்று. பத்துக்கு ஒன்று. ஒரே மூச்சில்.

நாற்காலி கிரீச்சிட்டது. லேப்டாப் திறந்தது. விரல்கள் தட்டத் தொடங்கின.

மாளவிகா ஆணித் துளையைப் பார்த்தாள். அவள் இடுப்பெலும்பு மெத்தையில் அழுந்தும் இடத்தில், தீக்குச்சி உரசினாற்போல, முதல் எரிச்சல் தொடங்கியது.