காந்த அறையில் கண்மை

"பெல்ட்டைக் கழட்டிட்டு உள்ள போங்க சார்."

அவனிடம் அவள் முதன்முதலில் பேசியது இதுதான். காதல் கதைக்கு ஏற்ற தொடக்கம் இல்லை... என்ன செய்வது, அப்படித்தான் நடந்தது. வெளியே நல்ல மழை. நனைந்த தலையோடு நேராகக் காந்த அறைக்குள் நுழையப் போனவனை, ஸ்கேன் எடுப்பவள் குறுக்கே கை நீட்டி நிறுத்தியிருந்தாள்.

"நான் பேஷண்ட் இல்லைங்க. இந்தக் காந்தத்தைச் சரிபண்ண வந்தவன்."

"அது காந்தத்துக்குத் தெரியாதே சார்."

மழைத்துளி இமையில் தொங்க, அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு மறுபேச்சில்லாமல் கழற்றினான். பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே அவன் உள்ளே போன அழகு இருக்கிறதே... வீடு போய்ச் சேரும்வரை அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அவன் வந்த வேலை லேசானதல்ல. மூளையைப் படமெடுக்கும் அந்தப் புது மெஷினின் காந்தம் மிக வலுவானது. வலு கூடக்கூட, அது தலைக்குள் எல்லா இடத்திலும் ஒரே சீராக நிற்காது. மூக்கினுள் காற்று இருக்கிறதல்லவா, அதற்கு மேலே, கண்களுக்குப் பின்னால் நெளிந்துவிடும். அங்கே படம் வளையும், கறுக்கும். கட்டியா, வெறும் நிழலா என்று டாக்டர் திணறுவார். தலையைச் சுற்றிச் சின்னச் சின்னக் கம்பிச்சுருள்கள் வைத்து, ஒவ்வொன்றிலும் அளவாக மின்சாரம் விட்டு அந்த நெளிவை நிமிர்த்துவது அவனுடைய முறை. ஒப்பிட்டுப் பார்க்க எப்போதும் ஒரே தலை வேண்டும் என்றான். தன் தலையைத் தருவதாக அவளே முன்வந்தாள்.

முதல் படம் பளிங்கு மாதிரி வந்தது. அவன் சின்னப் பிள்ளை போலச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த மறுநாள்தான் அவள் கண்ணாடி முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். "ஆஸ்பத்திரிக்குத்தானேடி போற?" என்று அக்கா கேட்டதைக் காதில் வாங்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஒரு படமும் உருப்படவில்லை. கண்களைச் சுற்றி நெளிவு வந்து உட்கார்ந்துகொண்டது. அவன் சுருள்களை இடம் மாற்றினான், கணக்கை மாற்றினான், சாப்பாட்டை மறந்தான். ஒருநாள் எரிச்சலில், அவள் தலைக்குள்ளேயே ஏதோ அடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டான். தலைதான் தன்னுடையது, கணக்கு அவனுடையது என்று அவளும் வெடுக்கென்று திருப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து வேலைப் பேச்சு மட்டும்தான். மன்னிப்புக் கேட்க இருவருக்கும் வாய் வரவில்லை.

கடைசியில் தலைமை டாக்டர் பொறுமை இழந்தார். இன்று மாலை எடுக்கும் படமும் இப்படியே வந்தால், சுருள்களைக் கழற்றிக்கொண்டு அவன் கிளம்ப வேண்டியதுதான்.

அன்று மதியம் ஸ்கேனுக்கு வந்த ஒரு அம்மா, கண்மையைத் துடைக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். பஞ்சும் எண்ணெயுமாக அவள் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். சில மைகளில் இரும்புத்தூள் இருக்கும், கண் பக்கத்தில் படம் கெட்டுப்போகும்...

"நீ மட்டும் தீட்டிக்கிட்டு நிக்கறியேம்மா?"

"நான் உள்ள படுக்க மாட்டே..."

பாதியிலேயே நிறுத்தினாள். தினமும் உள்ளே படுப்பவள் அவள்தானே!

துடைத்துவிட்டுப் படுத்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் அவன்? படம் கொஞ்சம் தெளிந்ததுமே, கடைசியாக மாற்றிய கணக்குதான் சரி என்று நம்பிவிடுவான். நாளைக்கு அந்தத் தப்புக் கணக்கிலேயே நோயாளிகளைப் படமெடுப்பார்கள். சொல்லத்தான் வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பான்... அதற்கு என்ன சொல்வது?

மாலையில் அவன் முன்னால் போய் நின்றாள்.

"சார், உங்க சுருள் மேல தப்பில்ல. நான் கண்ணுல மையோட படுத்திருக்கேன். முதல் நாளைத் தவிர எல்லா நாளும்."

அவன் நம்பாமல் பார்த்தான். "ஊரையே துடைக்கச் சொல்றவங்க நீங்கதானே?"

"ஆமா."

"அப்புறம் ஏன்?"

"உங்களுக்காக வச்ச மை. அதைத் துடைக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல."

அவன் திரும்பிக் கணினியில் முதல் நாள் கணக்கை எடுத்து வைத்தான். அவள் அழுத்தித் துடைத்ததில் மை போனது, கண் சிவந்தது. கோபமாக இருக்கிறான் போல என்று நினைத்துக்கொண்டே போய்ப் படுத்தாள். மெஷின் தடதடத்து ஓய்ந்த ஒரு இடைவெளியில், தலைமாட்டு ஸ்பீக்கர் தொண்டையைச் செருமியது.

"மையை நான் பார்க்காம இல்ல. தினமும் பார்த்தேன். அதுல இரும்பு இருக்கும்னு ஒரு நாள்கூடத் தோணல... இத்தனைக்கும் நான் படிச்சதே காந்தம்தான்."

"ஏன் தோணல?"

"அந்தக் கண்ணைப் பார்த்துக்கிட்டிருந்தா காந்தமெல்லாம் எங்க ஞாபகம் வருது? முதல் நாள் பெல்ட்டைக் கழட்டச் சொன்னீங்களே... அப்பவே விழுந்துட்டேன்."

"நல்லவேளை, பேன்ட் விழல."

"சிரிக்காதீங்க, தலை ஆடுது. அடுத்த படம் ஆரம்பிச்சிடுச்சு."

எங்கே அடக்குவது? அந்தப் படம் ஆடியே போனது. அடுத்ததில் நெளிவு இல்லை, கறுப்பு இல்லை. கண்களுக்குப் பின்னால்கூட நீர்ப்பரப்பு மாதிரி ஒரே சீர். மை விஷயத்தையும் சேர்த்து அவளே தலைமை டாக்டரிடம் சொன்னாள். அவர் அவளை ஒரு முறை முறைத்தார், படத்தை இரண்டு முறை பார்த்தார், சுருள்கள் இருக்கட்டும் என்றார்.

ஆடிப்போன படத்தை அழித்துவிடச் சொல்லி அவள் எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். அவன் இன்னும் அழிக்கவில்லை.