பெரிய மேடம் லைனில் இருக்கிறார்

நேற்று அவளை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டியவர் இன்று நன்றி சொல்லக் கூப்பிட்டிருந்தார்.

"உங்க பெரிய மேடம்கிட்ட சொல்லிடும்மா. அவங்க பேசினப்புறம்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு. மெஷின் கிடக்கட்டும், ஆளை மெதுவா அனுப்புங்க."

சலவை மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வருடக்கணக்காகக் குப்பை கொட்டியவள் அவள். திட்டுகிறவரிடம் பயமில்லை, குழைகிறவர்தான் எதற்கோ அடிபோடுகிறார் என்பது அவள் கணக்கு. இவரோ எதற்கும் அடிபோடவில்லை. இலவச சர்வீஸ் கூடக் கேட்காமல் வைத்துவிட்டார். வைத்த பிறகும் அவள் விரல் பட்டன்மேலேயே நின்றது.

பெரிய மேடம் என்று அந்த அலுவலகத்தில் யாரும் இல்லை.

இருந்தது ஒரு நாற்காலிதான். ஹாலின் மூலையில், தண்ணீர் கேனுக்குப் பின்னால், எப்போதோ யாரோ வேலையை விட்டுப்போன மேசை. "உன் மேலதிகாரியைக் கூப்பிடு" என்று எவராவது எகிறினால், பெரிய மேடத்துக்கு மாற்றுகிறேன் என்று தேனொழுகச் சொல்லி அங்கே தள்ளிவிடுவார்கள். காத்திருப்புப் பாட்டு கொஞ்சம் ஒலிக்கும். பிறகு அந்த போன் தானாகவே எடுத்துக்கொள்ளும். மேசைமேல் ஹெட்செட் கேட்பாரற்றுக் கிடக்க, மறுமுனையில் இருப்பவருக்கு ஹாலின் முணுமுணுப்பு மட்டும் கேட்கும். யாரோ பெரியவர் பொறுமையாகக் கேட்கிறார் என்று நம்பிக் கத்தித் தீர்த்து, தொண்டை வற்றித் தானே வைத்துவிடுவார். எதிர்விலை சொல்ல ஆளில்லாத இடத்தில் எந்தச் சூரனும் எவ்வளவு நேரம்தான் பேரம் பேசுவான்?

இந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்தவள் பக்கத்து இருக்கைக்காரி. காத்திருப்புப் பாட்டையே நாள் முழுக்க முனகுவதால் அவளுக்குப் பாட்டுக்காரி என்று பெயர். மன அழுத்தத்தைச் சமாளிக்கக் கற்றுத்தர நிர்வாகம் ஒரு பயிற்சியாளரை அழைத்துவந்த வாரம் அது. அவர் ஆளுக்கொரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "உள்ளயே வச்சுக்காதீங்க, வாய்விட்டுச் சொல்லி எங்கயாவது இறக்கி வச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பந்துகள் தொலைந்தன. நாற்காலி நிலைத்தது. வாடிக்கையாளர்களை மட்டுமல்ல, தங்களையும் அங்கே இறக்கி வைக்க ஆரம்பித்தார்கள். இடைவேளையில் ஒவ்வொருத்தியாகப் போய், அந்த ஹெட்செட்டை எடுத்து, சுவரைப் பார்த்து முணுமுணுத்துவிட்டு, முகம் தெளிந்து வருவாள்.

மற்ற எல்லாரையும்விட, பாட்டுக்காரியையும்விட, அதிகம் போனவள் அவள்தான். வாடிக்கையாளரைப் பற்றி அல்ல, வீட்டைப் பற்றி. மகள் விழுந்து அழுதபோது தன் வாயிலிருந்து "உங்கள் சிரமம் புரிகிறது" என்று வந்ததை ஹெட்செட்டின் கறுப்புப் பஞ்சிடம்தான் சொன்னாள். ஷூ லேஸுக்காகக் குழந்தையை அறைந்ததைச் சொன்னாள். குழந்தை இப்போதெல்லாம் அழுவதற்கு முன் அவள் முகத்தைப் பார்ப்பதை, பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு "சற்றுக் காத்திருங்கள்" என்று விளையாடுவதைச் சொன்னாள். கணவன் கத்தாமல், நிதானமாகச் சொன்னதையும் சொன்னாள். "இன்னொரு தடவ அவமேல எரிஞ்சு விழுந்தேன்னா, அவள எங்க அக்கா வீட்டுல கொண்டுபோய் விட்டுடுவேன். ஆபீஸ ஆபீஸ்லயே விட்டுட்டு வர முடிஞ்சா வா."

இறக்கி வைத்துவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தாள். சரக்கு என்றைக்கும் மாயமாவதில்லை, கிடங்குதான் மாறுகிறது என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை.

"யாரோ மேடம் மாதிரி பேசி விளையாடறாங்க" என்றாள் பாட்டுக்காரியிடம்.

"எந்த மகராசி? இங்க மூச்சு விடவே ஆளுக்கு நேரமில்ல. உனக்கு அவார்டு வேணும்னா நேரா கேளேன், எதுக்கு மேடம் பேர்ல நாடகம்?"

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. தண்ணீர் கேனுக்குப் பின்னால் ஒரு நாற்காலி மெல்லச் சுழன்று நிற்கும் கிறீச்சொலி. ஏசியாக இருக்கும்.

வெளியே மழை பிடித்திருந்தது. விளம்பரம் ஒட்டிய கண்ணாடிகளின் இடுக்கு வழியாகச் சாயங்காலம் அழுக்கு நீலமாக வடிந்துகொண்டிருந்தது. இருட்டுவதற்குள் வந்து தலைபின்னி விடுகிறேன் என்று இன்று மகளிடம் சொல்லியிருந்தாள். அடுத்த ஷிப்டுக்கு அவளுக்குப் பதில் வரவேண்டியவள் மழையில் மாட்டிக்கொண்டாள். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்று சூப்பர்வைசர் காற்றிடம் சொல்வதுபோல் சொல்லிக் கடந்துபோனார். செல்போன்கள் லாக்கரில் பூட்டிக் கிடந்தன.

அடுத்த அழைப்பு ஒரு முதிய குரல். மெஷின் குலுங்கிக் குலுங்கி நடந்து சமையலறைக்கே வந்துவிட்டதாம். போன வாரம் இதே அம்மாள்தான் சாபம் கொடுத்தார்.

"பரவாயில்லம்மா, நடக்கட்டும். வீட்டுல எனக்கும் துணைக்கு யாரு இருக்கா? நீ சீக்கிரம் கிளம்பு. உன் பொண்ணுக்கு இடின்னா பயமாமே."

"யார் சொன்னாங்க?"

"உங்க மேடம்தான். பாவம், உன்னப் பத்தியேதான் பேசறாங்க. ஷூ லேஸுக்கெல்லாமா பிள்ளைய அடிப்பாங்கன்னு கண்ணு கலங்கிட்டாங்க."

அவள் எழுந்தாள். ஹாலில் எல்லோரும் அவரவர் திரையைப் பார்த்து அவரவர் மன்னிப்பை விற்றுக்கொண்டிருந்தார்கள். கேனுக்குப் பின்னால் மேசையில் தூசி இருந்தது, நடுவில் மட்டும் இல்லை. இரண்டு முழங்கை ஊன்றும் இடம் பளபளத்தது. ஹெட்செட்டின் பஞ்சு ஈரமாக இருந்தது. முகர்ந்தாள். மூச்சின் புளிப்பு, அதன் கீழே அவள் தினமும் சப்பும் இருமல் மிட்டாயின் வாசனை. நாற்காலியின் குஷன் குழிந்திருந்தது. அவள் கைவைத்ததும் குழி மெதுவாக, வேண்டாவெறுப்பாக, மேலெழுந்தது.

இருக்கைக்குத் திரும்பியபோது லைன் அடித்துக்கொண்டிருந்தது.

"எங்க இருக்க நீ?" கணவன். மொபைல் எடுக்கவில்லை என்று புகார் எண்ணுக்கே அடித்திருக்கிறான். "இருட்டிடுச்சு. இடி இடிக்குது. சீப்ப வச்சுக்கிட்டு வாசல்லயே உக்காந்திருக்கா. அழக்கூட மாட்டேங்கறா, அதான் எனக்குப் பயமா இருக்கு."

"ஒருத்தி வரல, அதனால..."

"எப்பவும் ஒருத்தி வர மாட்டா! உனக்கு வீடுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? யார்கிட்ட சொன்னா உனக்கு உறைக்கும்? யார்கிட்ட பேசணும் நான்?"

அந்தச் சுருதி. நாள் முழுவதும், வருடம் முழுவதும் காதில் விழுந்த அதே சுருதி. அவள் மனம் என்ன சொல்வதென்று தேடிக்கொண்டிருந்தபோது வாய் முந்திக்கொண்டது.

"பெரிய மேடத்துக்கு மாற்றுகிறேன். சற்றுக் காத்திருங்கள்."

விரல் அமுக்கியது.

காத்திருப்புப் பாட்டு. பிறகு அதுவும் நின்றது. மூலையில் அந்த போனின் சிவப்பு விளக்கு எரிந்தது.

ஓடினாள். வயரில் கால் தடுக்கியது. யாரோ சீறினார்கள். கேனுக்குப் பின்னால் நாற்காலி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஹெட்செட் மேசையில் இல்லை. நாற்காலியின் முதுகுக்கு மேலே, ஒரு தலை இருக்கவேண்டிய உயரத்தில், எதிலும் மாட்டாமல் நின்றது. அவள் அதைப் பிடித்து இழுத்தாள். முடி சிக்கியதுபோல் கொஞ்சம் இழுபட்டுப் பின் கையோடு வந்தது.

காதில் வைத்தாள்.

அவளுடைய குரல். இத்தனை வருடமும் கணவனிடம் பேசத் தனக்கு மிஞ்சாத குரல். இளகி, சூடாக, அவசரமே இல்லாமல்.

"என் தப்புதாங்க. இனிமே இப்படி நடக்காது. இதோ கிளம்பிட்டேன். அவள உள்ள கூட்டிட்டுப் போங்க, தரை ஜில்லுன்னு இருக்கும்."

கணவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாகிறது.

"இப்படிப் பேசி எவ்வளவு நாளாச்சு. பாத்து வா."

"அது நானில்லீங்க! கதவத் திறக்காதீங்க! என்னங்க!"

அவள் கத்தியது ஹாலுக்குத்தான் கேட்டது. வயர் வழியாக எதுவும் போகவில்லை. விளக்கு அணைந்தது. குஷனின் குழி மேலெழுந்துகொண்டிருந்தது.

"அக்கா?" என்றாள் பாட்டுக்காரி, இருக்கையிலிருந்து பாதி எழுந்து. முகம் வெளுத்திருந்தது. "நீ இப்பதானே எனக்கு டாட்டா காட்டிட்டுப் போன?"

அவள் மேசைக் காலில் மாட்டியிருந்த குடை இல்லை.

லாக்கர் சாவி கையிலிருந்து நழுவியது. விட்டுவிட்டாள். படி. படி. கீழே காவலாளி எழுந்து நின்றார். "என்னம்மா, மறந்துட்டீங்களா எதையாவது?" அவரைத் தாண்டி ஓடினாள். தெரு முழங்கால் தண்ணீரில் கிடந்தது. ஆட்டோக்கள் கை காட்டியும் நிற்கவில்லை. ஓடினாள். மருந்துக்கடை வெளிச்சம், மூடிய ஷட்டர்கள், கக்கும் சாக்கடை. நடந்தாள். ஓடினாள். முன்னால், தெருவிளக்குக்குத் தெருவிளக்கு, ஒரு குடை அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. எட்டவே இல்லை.

வீட்டுப் படிக்கட்டில் ஈரக் காலடிகள். அவள் செருப்பின் தடம்தான். தேய்ந்த குதிகால் உட்பட.

வாசலில் குடை விரித்தபடி நின்றது. சொட்டிக்கொண்டிருந்தது.

மணியை அமுக்கினாள். உள்ளே சீப்பு இழுபடும் சத்தம். நிதானமாக. சிக்கெடுத்து. இடி இடித்தது. குழந்தை அழவில்லை. கலகலவென்று சிரித்தது.

"யாரோ வந்திருக்காங்கம்மா."

"போய்ப் பாருடா செல்லம்."

சின்னப் பாதங்கள். கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு.

"யாரு?"

"அம்மாடா. கண்ணு, கதவத் திற. அம்மா வந்துட்டேன். இருட்டிடுச்சு, தப்புதான், திறடா." குரல் உடைந்து, உயர்ந்து, அந்தச் சுருதிக்குப் போயிற்று. அவளுக்கே கேட்டது. "திறன்னு சொல்றேன்ல!"

கதவின் ஓட்டை இருண்டது. உள்ளிருந்து யாரோ பார்த்தார்கள். குழந்தைக்கு எட்டாத உயரம் அது.

"அம்மாவாம்" என்றது குழந்தை, திரும்பி, உள்ளே பார்த்து. "ரொம்பக் கத்தறாங்க."

"பாவம், அவங்களுக்கு என்ன கஷ்டமோ" என்றது அவளுடைய குரல், ஓட்டைக்கு வெகு அருகிலிருந்து. "நான் சொல்லிக்குடுத்த மாதிரி சொல்லு பாக்கலாம்."

குழந்தை தொண்டையைச் செருமிக்கொண்டது. பொம்மையிடம் பேசுகிற குரலில், தவறே இல்லாமல், கணீரென்று சொன்னது.

"உங்கள் சிரமம் புரிகிறது. சற்றுக் காத்திருங்கள்."

கணவன் மகிழ்ந்து கைதட்டினான். பிறகு, கதவுக்கு அந்தப் பக்கம், காத்திருப்புப் பாட்டை மூன்று குரல்கள் சேர்ந்து முனக ஆரம்பித்தன.