அவுட்டரில் நிற்கும் வண்டி

மின்சாரம் ஓடும் பொம்மைத் தண்டவாளத்தை விட்டு வண்டியைத் தூக்கிய பிறகும் அந்த ஒரு ஜன்னல் அணையவில்லை.

முன் விளக்கு அணைந்தது. வாலில் இருந்த சிவப்பும் அணைந்தது. கூரையின் உட்புறம் அரிசி அரிசியாக மாஸ்டர் பதித்திருந்த விளக்குகள் மங்கி அடங்கின. கடைசியிலிருந்து மூன்றாவது ஜன்னல் மட்டும், உள்ளே யாரோ புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போல, மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

மாஸ்டர் வண்டியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். ஓய்வுபெற்றுப் பல வருஷமாகியும் தெருவுக்கு அவர் ஸ்டேஷன் மாஸ்டர்தான். எதற்கும் பதறிப் பழக்கமில்லாதவர். தண்டவாளத்தில் தூசி பட்டு விளக்கு சிமிட்டாமலிருக்க, கொஞ்சம் மின்சாரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சிறு உருளை ஒன்றை வண்டிக்குள் பொருத்தியிருந்தார். அதன் மிச்சமாக இருக்கும். ஆனால் அந்த மிச்சம் இரண்டு மூச்சுக்கு மேல் தாங்காது என்பதும் அவருக்குத் தெரியும். வண்டியை மேஜையில் வைத்தார். ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் கம்பியின் முனையைத் துடைத்துத் தாங்கியில் நிறுத்தினார். ஆறிப்போன தேநீரை ஏடோடு சேர்த்துக் குடித்து முடித்தார். ஜன்னல் எரிந்தது.

சாண் நீளம்கூட இல்லாத வண்டி. எஞ்சினும் இருக்கைகளும் ஒரே பெட்டியில் அடங்கிய, அவருடைய ஸ்டேஷனுக்குத் தினமும் வந்துபோன அந்த ஒற்றைப் பெட்டி வண்டியின் அச்சு அசல். நடைமேடையில் நின்று போனில் அதன் சத்தங்களைப் பிடித்துவந்தவரும் அவரே. எஞ்சின் உறுமல், கதவு அடைபடுவது, ஹாரன். நகத்தளவு ஒலிபெருக்கியை இன்று காலைதான் பொருத்தினார். அதன் முதுகுப் பக்கம் காற்றுப் புகாத குட்டி அறை ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் ஹாரன் கொசு பாடுவதுபோல இருக்கும். அதையும் கட்டி ஒட்டினார். பிளாஸ்டிக் சுவர் வழியே வெளிச்சம் கசியாதிருக்க உட்புறம் முழுக்கக் கறுப்புப் பூசினார். இருக்கைகள்கூடச் செய்தார். ஆட்களை மட்டும் வைக்கவில்லை. அவருடைய வண்டியில் யாரும் ஏறிப் போகப் போவதில்லை.

அசல் வண்டியில் ஒருத்தி ஏறிப் போயிருந்தாள்.

நேரம் தவறாமல், விதி பிசகாமல், தன் கையாலேயே பச்சைக் கொடி காட்டி, பெற்ற மகளை ஒரு லாரி மெக்கானிக்கோடு அனுப்பி வைத்தவர் அவர். கடைசியிலிருந்து மூன்றாவது ஜன்னலில் அவள் உட்கார்ந்திருந்தாளாம். போர்ட்டர் பார்த்திருக்கிறான், அப்பன் பார்க்கவில்லை. விடிந்தபோது தெரு முழுக்க ஒரே சிரிப்பு. "மாஸ்டரே கொடி காட்டி வழியனுப்பிட்டாருப்பா!" யாருக்கும் தலை குனியாத குடும்பம் அது. அன்றோடு அவள் பெயரைச் சொல்வது அந்த வீட்டில் நின்றது. அவளோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்றார். பேசவும் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தெரிந்தவர்.

"என்னங்க."

மனைவி அறை வாசலில் நின்றாள். கையில் போன்.

"சாயங்கால வண்டியில வர்றாளாம்."

"யாரு?"

"எத்தனை பேரைப் பெத்துப் போட்டோம், யாருன்னு கேக்க?"

அவர் வண்டியைத் திருப்பி, எரியும் ஜன்னல் சுவரைப் பார்க்கும்படி வைத்தார். சுவரில் ஒரு பொட்டு மஞ்சள் விழுந்தது.

"அந்த மெக்கானிக் பையன் போய்ச் சேர்ந்துட்டானாம். இவளுக்கும் உடம்பு முடியலை. ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள மூச்சு வாங்குது. போக்கிடம் இல்லம்மாங்கறா."

"லைன் கிளியர் இல்லை."

"வண்டியைச் சொல்ற மாதிரி சொல்லாதீங்க."

"வண்டிக்கு ஒரு ஒழுங்கு உண்டு. ஸ்டேஷன் மாஸ்டர் விடாம உள்ள வராது. அவுட்டர்ல நிக்கும். நிக்கட்டும்."

"நின்னா ஹாரன் அடிக்குமே. அப்ப காதுல பஞ்சு வச்சுக்குவீங்களா?"

"இந்த வீட்டு மானம் கப்பலேறிப் போச்சு. உனக்கு அது உறைக்கலை."

"கப்பல்ல எங்க போச்சு? உங்க வண்டியிலதான் போச்சு. கொடி காட்டினது யாராம்?"

இத்தனை வருஷத்தில் அவள் இப்படி வாய் திறந்ததில்லை. அவர் எழுந்து போய் வாசல் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார். முன்னறையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பூட்டிய கதவுக்கு எதிரே அதைப் போட்டு, ஸ்டேஷனில் காத்திருக்கும் பயணிபோல, மடியில் பையோடு அவள் உட்கார்ந்துவிட்டாள்.

இருட்டியது. தெருவிளக்கு எரிந்தது. அறையில் ஈயப் புகையும் பெயின்டும் கலந்த வாடை தேங்கி நின்றது. அதற்கு அடியில், மெதுவாக, வேறொரு வாடை ஏறியது. டீசல். நனைந்த இரும்பு. பழைய ரெக்ஸின் இருக்கையில் ஈரத் துணி ஒட்டிக்கொள்ளும் வாடை. நாற்பது வருஷம் மூக்கில் ஊறிய வாடைதான் என்றாலும் அது இந்த அறைக்குள் வர வேண்டியதில்லை. ஜன்னலைத் திறந்து பார்த்தார். வெளியே காற்றுகூட இல்லை. தெருக்கோடியில் ஸ்டேஷன் தெரிந்தது. வெறும் நடைமேடை. வர வேண்டிய வண்டி வரவில்லை.

பின்னால், மேஜை மேல், எஞ்சின் உறுமியது.

தண்டவாளத்தில் இல்லாத வண்டி, எந்தக் கம்பியும் தொடாத வண்டி, நின்ற இடத்தில் நின்றபடி தாழ்ந்த குரலில் உறுமிக்கொண்டிருந்தது. அவர் பதிவு செய்த உறுமல்தான். ஆனால் அதோடு சேர்ந்து தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தமும் வந்தது. அவர் பதிவு செய்த நாளில் வெயில் பிளந்துகொண்டிருந்தது. நன்றாக நினைவிருக்கிறது.

அப்புறம் ஹாரன். நீளமாக. ஒரே ஒரு முறை.

அவுட்டர் என்பது ஊருக்கு வெளியே உள்ள முதல் சிக்னல். சிவப்பு விழுந்து அங்கே நிற்கும் வண்டி இப்படித்தான் கேட்கும். நான் வந்திருக்கிறேன். வழி கொடுங்கள். வேலையில் இருந்தவரை அந்தக் குரலுக்கு அவர் கை தானாக எழும். இப்போதும் எழுந்தது. இன்னொரு கையால் அதைப் பிடித்து இறக்கினார்.

"கேட்டுச்சாங்க?" முன்னறையிலிருந்து மனைவி. "வண்டி அவுட்டர்ல நிக்குது!"

"அது என் பொம்மை."

"பொம்மையா? அவ்வளவு தூரத்திலேர்ந்து வருது."

அவர் கூரையைக் கழற்றினார். கத்தரியை எடுத்தார். சிவப்புக் கம்பியை வெட்டினார். கறுப்பை வெட்டினார். ஒலிப் பலகையைக் கிடுக்கியால் பெயர்த்து எடுத்து மேஜையின் மறுகோடியில் வைத்தார். உருளையையும் பிடுங்கினார்.

மழை நிற்கவில்லை. உறுமல் நிற்கவில்லை.

கூரையில்லாத பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அவர் பதித்த விளக்குகள் கூரையோடு வந்து கையில் இருந்தன. உள்ளே வெளிச்சம் இருந்தது. மூன்றாவது ஜன்னலோரம். இருக்கையில். ஒரு நெல்மணி அளவு உருவம்.

தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது.

அவர் பூதக்கண்ணாடியைத் தேடினார். வேண்டாம் என்று விட்டார். கூரையை மறுபடி மூடினார்.

ஒலிபெருக்கியின் ஓட்டைகளில் யாரோ மூச்சு வாங்கினார்கள். இழுத்து. விட்டு. இழுத்து.

"அப்பா."



"அப்பா... இறங்கணும்ப்பா."

ஒரு வார்த்தை போதும் என்று அவருக்குப் புரிந்தது. எப்படிப் புரிந்தது என்று தெரியாது. புரிந்தது. வா என்று சொல்லலாம். உம் என்றாவது சொல்லலாம். வாய் திறந்தது. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது. அப்போது தெருவில் யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

வாய் மூடிக்கொண்டது.

"ரொம்ப நேரமா நிக்குதுப்பா. இருட்டா இருக்கு. கொடி காட்டுங்க."

ஹாரன் நீண்டது. அடுத்த வீட்டுக்குக் கேட்கும். எதிர் வீட்டுக்குக் கேட்கும். அவள் குரல் இந்த வீட்டிலிருந்து வருகிறது என்று நாளை நாலு பேர் பேசுவார்கள். அவர் இழுப்பறையைத் திறந்தார். இடுக்கு அடைக்கும் சாம்பல் நிறப் பசை. இரண்டு கட்டியாக வரும். சேர்த்துப் பிசைந்தால் களிமண்போல இளகும். சற்றுப் பொறுத்தால் கல். பிசைந்தார். உருட்டினார். வண்டியைக் குப்புறத் திருப்பி, அடியில் இருந்த ஒலிபெருக்கி ஓட்டைகளின் மேல் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினார்.

"அப்—"

அழுத்தினார்.

விரலுக்கு அடியில் வெதுவெதுப்பாக ஏதோ முட்டியது. ஓட்டைகள் போட்டிருந்தது இரும்புத் தகட்டில். இரும்பு இப்படி இளகாது. முட்டியது. இன்னும் அழுத்தினார். மெல்ல அடங்கியது.

மழை நின்றது. உறுமல் நின்றது. ஜன்னல் அணைந்தது.

நெடுநேரம் அவர் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். பேசவில்லை. கடைசிவரை அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

அப்போதுதான் தெருக்கோடியில் அசல் வண்டி வந்து நின்றது. பிரேக் கிரீச்சிட்டது. கதவு அடைபட்டது. பிறகு காலடி. ஒருவருடைய காலடி மட்டும். மெதுவாக. வாசலில் நின்றது.

தட்டும் சத்தம்.

"யாரது? நீதானாடி?" மனைவியின் குரல் உடைந்தது. "அம்மான்னு ஒரு குரல் கொடேன்!"

தட்டும் சத்தம் மட்டும். உள்ளங்கையால். அவசரமாக.

"பேச மாட்டேங்கறா பாருங்க. அப்பன் ரோஷம் அப்படியே இருக்கு!" அவள் உள்ளே ஓடிவந்து அவருடைய சட்டைப் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தாள். அவர் தடுக்கவில்லை. திறக்காதே என்று சொல்ல நினைத்தார். அவள் பின்னாலேயே முன்னறைவரை போனார்.

கதவு திறந்தது. இருட்டில் ஒரு உருவம் உள்ளே வந்தது. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தெரு காய்ந்து கிடந்தது.

"வாடி, என் கண்ணே. எங்க இப்படி நனைஞ்ச? கையெல்லாம் ஜில்லுன்னு... இதோ அப்பா நிக்கிறாரு பாரு. ஏதாவது பேசுடி. ஒரு வார்த்தை..." மனைவியின் கை சுவரில் சுவிட்சைத் தேடியது.

"லைட்டைப் போடாதே," என்றார் மாஸ்டர்.

போட்டாள்.

முதலில் கண்கள் தெரிந்தன. அவை அவரைத்தான் பார்த்தன. மூக்குக்குக் கீழே உதடுகள் இல்லை. தாடைவரை ஒரே சாம்பல் நிறம், வழவழப்பாக, தண்ணீர் ஒட்டாமல் வழிந்தது. நடுவே ஒரு கட்டைவிரல் பதிந்த பள்ளம். ரேகையின் ஒவ்வொரு வரியும் தெளிவாக இருந்தது. அதற்கு இரு பக்கமும் கன்னங்கள் உப்பின. அடங்கின. மறுபடி உப்பின. உள்ளே ஒரே ஒரு வார்த்தை வெளியே வர முட்டிக்கொண்டிருந்தது.