ஏணியிலிருந்து இறங்க மாட்டேன்

"உங்க அண்ணன் எப்ப வருவாரு?"

கடைக்குள் நுழைந்தவன் கேட்ட முதல் கேள்வியே இதுதான். இதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது. எலக்ட்ரிக் கடைக்கு வருகிறவர்களில் ஒருத்தராவது அவள் முகத்தைப் பார்த்து ஒரு வேலையைச் சொல்லியிருப்பார்களா? ம்ஹூம். அண்ணன் எங்கே, அண்ணன் எப்போ, அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்... அவ்வளவுதான். அவளிடமும் லைசென்ஸ் இருக்கிறது ஐயா! அண்ணன் எழுதிய அதே பரீட்சையை எழுதி, அண்ணனைவிட அதிக மார்க் எடுத்து வாங்கியது. அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியதும் அண்ணன்தான். மாட்டியதோடு சரி. 'பாப்பா, நீ கடையைப் பாத்துக்கோ. ஏணியில ஏறுறதெல்லாம் நீ பண்ற வேலையா?' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். இருபத்தேழு வயதில் பாப்பா!

சுள்ளென்று ஏதாவது சொல்லத்தான் நிமிர்ந்தாள். சொல்ல வந்தது மறந்துவிட்டது.

அவன் தொப்பலாக நனைந்திருந்தான். போட்டிருந்த கோட்டைக் கழற்றி, கையிலிருந்த நீளமான அட்டைப்பெட்டிக்குப் போர்த்தியிருந்தான். பெட்டி சுகமாக இருந்தது. பெட்டிக்காரன்தான் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தான். இமைகளில் மழைத்துளிகள்... அவற்றுக்குப் பின்னால் இரண்டு பெரிய, கவலைப்பட்ட கண்கள்.

'கண்ணு அழகா இருக்கு... அறிவு எப்படியோ' என்று நினைத்துக்கொண்டாள்.

"அண்ணன் சாயங்காலம்தான் வருவாரு. என்ன வேணும்?"

"ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர். இது கூரையில மாட்டற ஹீட்டர். இதோட ஒயர் பிளக் வரைக்கும் எட்டாது போல. நீளமா ஒண்ணு குடுத்தீங்கன்னா, நானே மாட்டிக்குவேன்."

"எதுல மாட்டுவீங்க?"

"கூரையிலதான்... விளக்கு தொங்குதே, அந்தக் கொக்கியில."

அவள் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் மேஜையில் ஊன்றிக்கொண்டாள்.

"ஏங்க, வீட்டைக் கொளுத்தணும்னா ஒரு தீப்பெட்டி போதுமே... இதுக்கு எதுக்கு இவ்வளவு சிரமம்?"

அவன் முகம் சிவந்தது. கோபம் வந்தால் அந்தக் கண்கள் இன்னும் பெரிதாவதை அவள் கவனித்தாள். கவனித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

"நான் தையல்காரங்க. ஊசி பிடிக்கற விரல் குளிர்ல விறைச்சுப்போகுது. தரையில வைக்கற ஹீட்டர் வெச்சேன், கல்யாண கவுனோட கை பொசுங்கிடுச்சு. அந்தப் பொண்ணு அழுத அழுகை இன்னும் காதுல இருக்கு. அதான் கூரைக்குப் போகலாம்னு... எனக்கென்ன வீட்டைக் கொளுத்தணும்னு வேண்டுதலா?"

அவள் குரல் இறங்கிவிட்டது. "இதைத் தனி லைன் இழுத்துதான் மாட்டணும். எக்ஸ்டென்ஷன்ல போட்டா ஒயர் சூடாகி உருகிடும்."

"சரி... அப்ப உங்க அண்ணன் வந்ததும்..."

"அண்ணன் எதுக்கு? நான் வரேன்."

அவள் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வந்ததை விழுங்குகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. ஒயர்ச் சுருள், பிரேக்கர், டெஸ்டர், துளைபோடும் மெஷின் எல்லாம் பைக்குள் போயின. கடை ஷட்டரைப் பாதி இறக்கினாள். ஏணியை எடுத்தாள். அதன் ஒரு முனையை அவன் பிடித்துக்கொண்டான்... மறுமுனை அவளிடம். நடுவில் மழை.

"மெதுவாப் போங்க, எனக்குக் கால் எட்டி வைக்க வரலை," என்றான் பின்னாலிருந்து.

"ஏணிக்கு வேகமாத்தான் போகணுமாம்," என்றாள் திரும்பாமலே. பின்னால் அவன் சிரிப்பது ஏணி வழியாகவே அவள் கைக்குத் தெரிந்தது.

தையல்காரனின் வீடு மாடியில். முன்னறைதான் அவன் தொழிற்கூடம். ஜன்னலோரம் மிஷின், நடுவில் வெட்டு மேஜை, ஒரு சுவர் முழுக்கக் கூரையைத் தொடுகிற துணி அலமாரி. அவள் பெட்டிக்குள்ளிருந்த விளக்கத்தாளை முதலில் வரிவரியாகப் படித்தாள். சுவருக்கும் ஹீட்டருக்கும் எவ்வளவு இடைவெளி, கூரைக்கும் அதற்கும் எவ்வளவு என்று அளந்து பென்சிலால் குறித்தாள். அப்புறம் அலமாரியைக் காட்டினாள்.

"இது இங்க இருக்கக் கூடாது."

"அது பிறந்ததிலேருந்து அங்கதாங்க இருக்கு!"

"இன்னிக்கு இடம் மாறப்போகுது. ஹீட்டரோட சூடு கீழயும் பக்கவாட்டுலயும் அடிக்கும். மேல் தட்டுத் துணி ஒரு வாரம் காய்ஞ்சு ஒரு நாள் பத்திக்கும். நகர்த்தறீங்களா, நான் கிளம்பட்டுமா?"

அவன் முணுமுணுத்துக்கொண்டே அத்தனை துணியையும் இறக்கினான். இருவரும் சேர்ந்து அலமாரியை எதிர்ச் சுவருக்குத் தள்ளினார்கள். ஒரு தடவை இருவர் கையும் பட்டது. கதைகளில் வருகிற மாதிரி ஷாக்கெல்லாம் ஒன்றும் அடிக்கவில்லை. ஷாக் அடித்தால் அவள் ஓடிப்போய் சுவிட்சை அணைக்கிற ரகம். ஆனால் அவன் விரல்கள் எவ்வளவு சில்லிட்டுப் போயிருந்தன என்பது தெரிந்தது... அது மனசை என்னவோ செய்தது.

ஏணியை நகர்த்தி நகர்த்தி ஏறி, முஷ்டியால் கூரைப் பலகையைத் தட்டிக்கொண்டே போனாள். வெற்றிடம் இருக்கிற இடத்தில் சத்தம் பொள்ளென்று கேட்டது. ஓரிடத்தில் மட்டும் கெட்டியாக ஒலித்தது.

"இங்கதான் மரச்சட்டம் ஓடுது. ஹீட்டரை இதுலதான் பிடிக்கணும். வெறும் பலகையில ஸ்க்ரூ போட்டா உங்க தலையிலதான் வந்து உட்காரும்."

"அவ்வளவு ஆசையா அதுக்கு என் மேல?"

"சும்மா இருங்க," என்றாள். உதடு அடங்கவில்லை.

புது லைன் இழுப்பதற்கு முன் அந்தப் பழைய விளக்கைக் கழற்ற வேண்டும். வீட்டுக்குள் இருந்த பிரேக்கர் பெட்டியில் அந்த அறையின் பிரேக்கரை அணைத்தாள். டெஸ்டர் சரியாக இருக்கிறதா என்று முதலில் கரண்ட் இருக்கும் பக்கத்து அறை பிளக்கில் வைத்துப் பார்த்தாள். எரிந்தது. ஏணியில் ஏறினாள். அவன் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டான். விளக்கின் மூடியைத் திறந்து டெஸ்டரை ஒயரில் வைத்தாள்.

அங்கேயும் எரிந்தது.

அப்படியே நின்றாள். அறையின் பிரேக்கர் அணைந்திருக்கிறது, ஒயரில் கரண்ட் ஓடுகிறது! யாரோ வேறு லைனிலிருந்து குறுக்கு வழியில் இழுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அவள் வராமல், இந்த மனிதன் தானாகவே பிரேக்கரை அணைத்துவிட்டு, தைரியமாக ஏறி, ஈரக் கையோடு இதைத் தொட்டிருந்தால்...

"என்னங்க? ஏன் பேச மாட்டேங்கறீங்க?"

கீழே அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரத்துக்கு முன் முன்பின் தெரியாத ஆள்... அவன் செத்துப்போயிருக்கக்கூடும் என்ற நினைப்பையே அவளால் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் அந்த இணைப்பைச் சுற்றியிருந்த டேப்பைப் பார்த்தாள். டேப்பின் நுனி சின்னக் காது மாதிரி மடித்து விடப்பட்டிருந்தது. பிற்பாடு பிரிக்க வசதி என்று, இந்த ஊரில் ஒரே ஒரு ஆள்தான் அப்படி மடித்து விடுவான். அவளுக்கு டேப் சுற்றக் கற்றுக்கொடுத்ததே அவன்தான்.

சொல்லாமல் விட்டுவிடலாம். பிரித்துப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? கடைக்குப் பேர் இருக்கிறது, அண்ணனுக்கு மானம் இருக்கிறது. ஆனால் கீழே நிற்கிறவனுக்கு உயிர் இருக்கிறதே!

"இதைச் செஞ்சது எங்க அண்ணன்," என்றாள் பட்டென்று. "தப்பாச் செஞ்சிருக்காரு. நீங்க தொட்டிருந்தா போயிருப்பீங்க."

"நீங்க தொட்டிருந்தா?" என்று கேட்டான் மெதுவாக.

விறுவிறுவென்று இறங்கி, மாடிப்படிக்கு அடியிலிருந்த மெயின் சுவிட்சை அணைக்கப் போனாள். அவன் கூடவே வந்தான்.

"ஒரு சிக்கல். கீழ் வீட்டுக்காரரு எந்த சுவிட்ச் அணைஞ்சிருந்தாலும் போட்டு விட்டுடுவாரு. உதவி பண்றதா நினைப்பு."

"அப்ப ஒரு ஆள் இங்க காவல் நிக்கணும்."

"நான் இங்க நின்னா ஏணியை யாரு பிடிக்கறது?"

கடைசியில் 'தொடாதே' என்று சாக்பீஸால் ஒரு துணியில் எழுதி, சுவிட்சின் மேல் தொங்க விட்டார்கள். மேலே வந்து டெஸ்டரை வைத்தாள். இப்போது எரியவில்லை. பழைய இணைப்பைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

வாசல் கதவு தடாலென்று திறந்தது.

"பாப்பா! இறங்கு கீழ!"

அண்ணன். பக்கத்துக் கடைக்காரர் பற்ற வைத்திருக்க வேண்டும். மழையில் ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"கடையைப் பாதி மூடிட்டு, யாருன்னே தெரியாத வீட்டுல... ஏணி மேல... உனக்கு என்ன, திமிரு தலைக்கு ஏறிடுச்சா?"

"இங்க வந்து பாரு அண்ணா," என்றாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. "இந்த டேப் யாரோடதுன்னு பாரு. ரூம் பிரேக்கரை அணைச்சேன், அப்பவும் ஒயர்ல கரண்ட் ஓடிச்சு."

அண்ணன் அண்ணாந்து பார்த்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது. நல்ல வேலைக்காரன்தான்... என்றைக்கோ ஒரு நாள் அவசரத்தில் செய்தது. அவளுக்கு அவன் மேல் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் அவன் வாய் திறந்ததும் அந்தப் பாவமும் பறந்துபோனது.

"சரி... வெளிய சொல்லாத. நீ இறங்கு, நான் ஏறி முடிச்சுடறேன்."

"இறங்க மாட்டேன்."

"பாப்பா!"

"பாப்பா இல்ல. எலக்ட்ரீஷியன். இந்த வேலையை நான்தான் ஆரம்பிச்சேன், நான்தான் முடிப்பேன். வீட்டுக்கு வராதேன்னு சொல்லுவியா? சொல்லு. முடிச்சுட்டு வந்து கதவைத் தட்டறேன்."

அண்ணன் தையல்காரனிடம் திரும்பினான். "தம்பி, இது உங்க வீடு. நீங்க சொல்லுங்க, யாரு ஏறணும்?"

அவன் ஏணியிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஏறிட்டாங்க சார். நான் பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னான். அவளுக்காகச் சண்டைக்குப் போகவில்லை, நெஞ்சை நிமிர்த்தவில்லை. அந்த நிமிடத்தில்தான் அவள் மனசு அவன் பக்கம் முழுசாகச் சாய்ந்தது.

அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. "ஓஹோ! அப்படியா சேதி? உனக்கும் இந்த ஆளுக்கும் என்ன?"

யாராக இருந்தாலும் இல்லை, சத்தியமாக ஒன்றும் இல்லை என்று பதறியிருப்பார்கள். அவள் ஸ்க்ரூ டிரைவரை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல அண்ணா. இனிமே இருக்கும். எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு."

ஏணி ஒரு குலுங்கு குலுங்கியது.

"ஆடாதீங்க!" என்று அதட்டினாள் கீழே பார்த்து. "நான் மேல இருக்கேன்!"

அண்ணன் அவளைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். என்ன நினைத்தானோ... தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான்.

"கீழ மெயின்கிட்ட யாரு நிக்கறா?"

"யாரும் இல்ல. துணி தொங்குது."

"துணியா? வேலை செய்யற லட்சணமா இது!" என்று கத்திவிட்டுப் படியிறங்கினான். பாதிப் படியிலிருந்து குரல் வந்தது. "யாரும் சுவிட்சைத் தொடாம நான் நிக்கறேன். ஒழுங்கா எர்த் குடு!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூசி என்று யார் கேட்டாலும் சொல்லியிருப்பாள்.

பிறகு வேலை அதன்பாட்டுக்கு நடந்தது. பழைய இணைப்பு போனது. பிரேக்கர் பெட்டியிலிருந்து ஹீட்டருக்கென்றே தனி லைன், தனி பிரேக்கர், கதவோரம் தனி சுவிட்ச். மரச்சட்டத்தில் நாலு ஸ்க்ரூவும் கடித்துப் பிடித்தன. ஹீட்டரைத் தூக்கி மாட்டும்போது அவனும் ஏணியின் இரண்டாம் படியில் ஏறித் தாங்கிக்கொண்டான். முகத்துக்கு முகம் மிக அருகில்... இருவரும் ஸ்க்ரூவையே உற்றுப் பார்த்தார்கள். மாட்டியதும் அவள் தன் முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"மெயினைப் போடு அண்ணா!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

சுவிட்சைத் தட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை... பிறகு மெல்ல மெல்ல மேலிருந்து ஒரு கதகதப்பு இறங்கியது. நெற்றியில், தோளில், விரல்களில். அவன் கைகளை விரித்துப் பார்த்தான், மடக்கிப் பார்த்தான்.

"விரல் வளையுது," என்றான் நம்ப முடியாமல்.

அவள் கருவிகளைப் பைக்குள் அடுக்கினாள். அடுக்கியதையே மறுபடி அடுக்கினாள்.

"நீங்க அப்ப சொன்னது... அண்ணன் மேல இருந்த கோவத்துலயா?"

"கோவத்துலதான் சொன்னேன். அதுக்காகப் பொய்யா?"

"நாளைக்கு வருவீங்களா?"

"எதுக்கு? வேலைதான் முடிஞ்சிடுச்சே."

"அதனாலதான் கேக்கறேன்," என்றான். பெரிய கண்கள் இப்போது அவளைவிட்டு நகரவில்லை. குரல் மட்டும் கிசுகிசுப்பாக இருந்தது. "எனக்கும்... உங்களை ரொம்ப..."

"என்ன முணுமுணுக்கறீங்க?" என்றாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. முகம் சிவந்துதான் இருந்தது, ஆனால் தலை குனியவில்லை. "நான் எங்க அண்ணன் முன்னாடியே, ஏணி மேல நின்னு சொன்னேன். நீங்களும் சத்தமாச் சொல்லுங்க. அவன் காதுல விழணும்."

தையல்காரன் ஜன்னலை முழுக்கத் திறந்தான். மழைக்குள் தலையை நீட்டி, கீழ் வீட்டுக்காரர், எதிர் வீட்டுக்காரர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினான்.

"எனக்கு உங்க தங்கச்சியைப் பிடிச்சிருக்கு சார்!"

"கேட்டுச்சு, கேட்டுச்சு!" என்றது மாடிப்படிக்கு அடியிலிருந்து அண்ணனின் குரல் எரிச்சலாக. "ஜன்னலை மூடித் தொலைங்க... சூடெல்லாம் வெளிய போகுது!"