முள் உதிர்ந்த கள்ளி

கள்ளி ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டில் பக்கம் சாய்ந்திருந்தது.

செடி வெளிச்சத்தைத் தேடித்தான் சாயும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் தாவரவியல் பட்டம் வாங்கி, படித்த கல்லூரியிலேயே வேலைக்குச் சேர்ந்திருந்த லூர்துராணிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் வம்சத்தில் பட்டம் என்ற சொல்லுக்கு அதுவரை காற்றில் பறப்பது என்றுதான் அர்த்தம். கல்லூரித் தோட்டத்தில் பத்துக் கன்றுகளின் அடியை அழுத்திப் பார்த்து, அழுகல் இல்லாத, முள் நெருங்கிய இந்த உருண்டையைப் பொறுக்கி வந்திருந்தாள். ஆற்று மணல், செங்கல் பொடி, காலை வெயில், பதினைந்து நாளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர். அதற்குமேல் அவளிடம் எதையும் கேட்காத ஒரே உயிர் அந்தப் பாலக்கரை வீட்டில் அதுதான்.

தொட்டியைத் திருப்பி வைத்துவிட்டு ஞாயிறு பூசைக்குப் போனாள்.

அன்றைக்குத்தான் மாதா கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். அற்புதசாமி மகள் லூர்துராணிக்கும் பொன்மலை சகாயநாதனுக்கும் கல்யாணம்; தடை தெரிந்தவர்கள் மூன்றாம் ஓலைக்குள் சொல்ல வேண்டும். தன் கல்யாணத்தை அவளே ஊரோடு சேர்ந்துதான் கேட்டாள். மணப்பாறைச் சந்தையில் மாட்டைக்கூட நேரில் நிறுத்தித்தான் விலை பேசுவார்கள்.

வீட்டில் அப்பா சுருட்டு சுற்றிக்கொண்டிருந்தார். புகையிலை நெடி கண்ணைக் கரித்தது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?"

"கேட்டா வேணாம்பே. அதான் கேக்கல."

மாப்பிள்ளை வீட்டார் வேலையை விடச் சொல்லியிருந்தார்கள். அப்பா சரி என்று தலையாட்டியிருந்தார். வாய்வரை வந்ததை அம்மா வியாகுலம்மாளின் முகத்துக்காக லூர்துராணி விழுங்கினாள். விழுங்கும்போது ஈறில் ஏதோ சுருக்கென்றது.

மறுநாள் கள்ளி மறுபடி கட்டிலைப் பார்த்திருந்தது. அதன் ஒரு பக்கத்தில் முள்ளே இல்லை. மணலைக் கிளறினாள், தரையைத் துழாவினாள், விளக்குமாற்றை உதறிப் பார்த்தாள். ஒன்றுகூட உதிர்ந்து கிடக்கவில்லை.

இரண்டாம் ஓலை வாசித்த வாரம் மாப்பிள்ளையின் அத்தைமார் வந்து சீர்ப் பாத்திரம் பண்டம் பேசினார்கள். படிச்ச பொண்ணு, வாய் நீளம் என்று பார்த்தால் பரவாயில்லையே என்று ஒருத்தி சிரித்தாள். லூர்துராணி அதையும் விழுங்கினாள். அன்று ராத்திரி கஞ்சி இறங்கவில்லை. தொண்டையில் மீன்முள் சிக்கினாற்போல் வலித்தது. முள் குத்துதும்மா என்றாள். அம்மா என்ன மீன் என்று கேட்கவே இல்லை. வெறும் சோற்றை உருட்டிக் கையில் வைத்தாள்.

"மெல்லாம முழுங்கு. பழகிடும்."

காலையில் கள்ளியில் பாதி மொட்டை.

போதும். மூன்றாம் ஓலையில் அவளே எழுந்து நிற்பாள். எனக்கு இஷ்டமில்லை, சாமி. மூன்றே சொல். அந்தப் பங்குக் கோயிலில் எந்தப் பெண்ணும் சொன்னதில்லை. சொல்லட்டுமே ஒருத்தி.

ஞாயிறு விடியலில் செடியைத் தொட்டாள். ஒரு முள் இல்லை. வழவழவென்று, பச்சைக் குழந்தையின் தலைபோல. வெதுவெதுப்பாக.

கோயிலில் பெண்கள் பக்கம், தரையில், அம்மாவோடு உட்கார்ந்தாள். மெழுகு வாசனை. வியர்வை. சாமியார் அவள் பெயரை வாசித்தார்.

எழுந்தாள். முக்காடு நழுவியது. சாமியார் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

வாயைத் திறக்கப் பார்த்தாள்.

திறக்கவில்லை.

அண்ணத்திலிருந்து கீழே. நாக்கிலிருந்து மேலே. நூறு முள்முனைகள். ஒன்றுக்குள் ஒன்று கோத்து. அசைத்தால் கிழியும். உப்பாக ரத்தம் ஊறியது.

அம்மா புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருடி. அசைக்காம இருந்தா வலிக்காது."

உதடு பிரியாமல் சொன்னாள். லூர்துராணி குனிந்து பார்த்தாள். அம்மாவின் கன்னத்தில், உள்ளிருந்து, ஒரு கூர்முனை தோலை முட்டி எழுந்தது. அடங்கியது. பக்கத்தில் இருந்தவள் கன்னத்திலும். அதற்கடுத்தவள் கன்னத்திலும். முக்காடிட்ட வரிசை முழுக்க.

சாமியார் ஓலையை மேற்கொண்டு வாசித்தார்.