கொய்யா மரத்துச் சாட்சி

மழை சொல்லிக்கொண்டா வருகிறது? ஓசூரில் பவுலினா பஸ்ஸை விட்டு இறங்கிய நேரம் பார்த்துக் கொட்டியது. தலை நனைந்தால் நனையட்டும் என்று, கையிலிருந்த பெரிய பைபிளை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு டீக்கடைக் கூரைக்கு ஓடினாள். ஓடியவள் நேராக ஒருவன்மேல் மோதினாள். அவன் குடிக்க வேண்டிய டீயை அவனுடைய வெள்ளைச் சட்டை குடித்தது.

"ஏங்க... அந்தப் புஸ்தகத்தை உங்க சாமியே நனையாம காப்பாத்த மாட்டாரா?"

"காப்பாத்தறாருங்களே... என் கையால."

அவன் சிரித்துவிட்டான். இமையில் மழைத்துளி தொங்க, என்ன கண்கள் அவை... சே! முன்பின் தெரியாதவனை இப்படியா பார்ப்பது? பவுலினா அவசரமாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அரை மணி கழித்து, தாலுகா ஆபீஸில் அதே டீக்கறைச் சட்டை ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. பலகையில் 'முனிராஜ்' என்றிருந்தது.

"இவருகிட்டவாம்மா வந்த? சாமின்னாலே இவருக்கு ஆவாது" என்று காதைக் கடித்தார் பியூன் சென்னகிருஷ்ணன். "அந்தக் கோணல் கையைப் பாரு... போராட்டத்துல போலீஸ் தடியடி!"

பவுலினாவின் வம்பு அவள் கையிலேயே ஆரம்பித்திருந்தது. தலைக்கு மேலாகக் கையை வளைத்து மறுபக்கத்துக் காதைத் தொட்டால் ஐந்து வயது, பள்ளியில் சேர்க்கலாம். அவளுக்கோ கை நீளம். மூன்று வயதிலேயே தொட்டுத் தொலைத்தாள். வாத்தியாரும் ஐந்து என்றே எழுதிவிட்டார். இப்போது நர்ஸ் ட்ரெயினிங்கில் இடம் கிடைத்திருக்கிறது. இருபத்து மூன்று தாண்டக் கூடாதாம். அவளுக்கு இருபத்திரண்டுதான், பள்ளிக்கூடத்துக்கு மட்டும் இருபத்து நான்கு. திங்கட்கிழமைக்குள் வயதுச் சான்று கொடுக்காவிட்டால் இடம் போய்விடும்.

"ஆதாரம்?" என்றான் முனிராஜ்.

"பைபிள்ல இருக்குதுங்க."

"ஆறு நாள்ல உலகத்தைப் படைச்சதுகூடத்தான் அதுல இருக்குது."

"அது அச்சடிச்சதுங்க. இது மொதப் பக்கத்துல எங்கப்பா கைப்பட எழுதினது."

"நம்பறவங்களுக்கு அது வேதம். நம்பாதவனுக்கு வெறும் காயிதம். புஸ்தகமே புஸ்தகத்துக்குச் சாட்சி சொன்னா எப்படிங்க? வெளியில ஒரு சாட்சி காட்டுங்க... பாக்கலாம்."

பவுலினாவுக்கு மூக்கு விடைத்தது. பக்கத்தைப் புரட்டி உரக்கப் படித்தாள். "1946 ஆகஸ்ட் ஒன்பது, வெள்ளி. சிங்காரப்பேட்டை வீட்டில் கர்த்தர் கிருபையால் பெண் மகவு. அதே நேரம் பக்கத்து வீட்டுத் திம்மராயன் மகன் நம் கொய்யா மரத்தில் திருட ஏறி விழுந்து, இடது முழங்கை முறிந்தது. பையன் பெயர்..."

நிறுத்திவிட்டாள். அடுத்த சொல் 'முனிராஜு'. அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போயிருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். அவன் இடது கை மெல்ல மேஜைக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. முகம் வெளுத்திருந்தது. தடியடி வீரரைச் சென்னகிருஷ்ணன் வேறு பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வார்த்தை போதும், ஆபீஸே சிரிக்கும். அவளுக்கும் சான்று கிடைத்துவிடும். ஆனால் அந்தக் கண்கள்... பாவமாக இருந்தது.

"சாட்சி இருக்கறாருங்க" என்று புத்தகத்தை மூடினாள். "அவரா வந்து சொன்னாத்தான் மதிப்பு. திங்கக்கிழமை வரைக்கும் பாப்பேன்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இடம் போய்விடுமோ என்ற பயம் பாதி. அவன் வாயைத் திறக்காமல் இருந்துவிடுவானோ என்ற பயம் மீதி. இரண்டாவதுதான் அதிகம் வலித்தது.

திங்கட்கிழமை அவள் படியேறும்போதே, முனிராஜ் தாசில்தார் முன்னால் சட்டைக்கையை மடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"தடியடியெல்லாம் பொய்யிங்க சார். அஞ்சு வயசுல கொய்யாக்கா திருடப்போனேன். அந்த வீட்டுக்குள்ள பொறந்த கொழந்தை வீல்னு அழுதுச்சு... பயந்து கையை விட்டுட்டேன். அந்தக் கொழந்தை இவங்கதான். எழுதி வாங்கிக்கோங்க, கையெழுத்துப் போடறேன்."

ஆபீஸ் கொல்லென்று சிரித்தது. சென்னகிருஷ்ணன் மட்டும் ஏமாந்துபோய், "கொய்யாக்காயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சான்றிதழோடு பவுலினா வாசலுக்கு வந்தால், மறுபடி மழை. பின்னாலேயே ஒரு குடை வந்தது... கோணல் கையில்.

"வேதத்தை நம்பிட்டீங்களா?" என்றாள் குறும்பாக.

"அச்சடிச்ச பக்கத்தை இன்னும் இல்லைங்க. மொதப் பக்கத்தை மட்டும்." தயங்கினான். "நீங்க அழுது என்னைக் கீழே தள்ளி இருபத்திரண்டு வருஷமாச்சு. எந்திரிச்சுட்டேன்னுதான் நெனைச்சிருந்தேன்... டீக்கடையில மறுபடி விழுந்துட்டேங்க. அந்தப் பக்கத்துல இன்னொரு வரிக்கு இடம் இருக்குதா?"

அவள் காது மடல்கள் சூடேறின. நனைந்த சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இருக்குது... அப்பா என்ன எழுதுவாருன்னுகூடத் தெரியும்."

"என்ன?"

"'அதே திருடன், அதே வீடு. இந்தத் தடவை விழாம எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.'"