இருபத்தாறாம் எண்ணுக்குக் கடைசி அழைப்பு

மூடிப்போன அலைவரிசையில்தான் ரேடியோ ஸ்கேனர் நின்றது.

டெஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்கு அடக்கமான கறுப்புப் பெட்டி. சின்னத் திரையில் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கேயாவது யாராவது பேசினால்தான் நிற்கும். அந்தப் பழைய தீயணைப்பு அலைவரிசையில் பேச ஆளே கிடையாது. ஏப்ரல் மாதம் நெப்ராஸ்காவின் இந்த மூலையிலும் எல்லாவற்றையும் டிஜிட்டலுக்கு மாற்றியபோது அதை அணைத்துவிட்டார்கள். இருந்தும் எண்கள் அங்கே நின்றன. இரைச்சல்கூட இல்லை. பேசப் போகிறவர் வாயைத் திறந்துவிட்டுச் சொல்லைத் தேடும்போது வருமே, அந்த மாதிரி ஒரு அமைதி. அப்புறம் எண்கள் பழையபடி ஓடத் தொடங்கின.

பக்கத்து ஊர் அடகுக்கடைக்காரர் அப்போதே சொன்னார்.

"இதை எடுக்காதம்மா. வானிலை கேக்கும், ரயில்காரங்க பேசுறது கேக்கும். உங்கப்பாவோட தீயணைப்பு வண்டி பேசுறது கேக்கவே கேக்காது. அதுக்கு டிஜிட்டல் வேணும், அதோ, மேல் தட்டுல இருக்கு."

மேல் தட்டு அவளுக்கு எட்டாத விலை. ஆனால் கீழ்த்தட்டில் இருந்ததற்கு இடுப்பில் மாட்டும் கொக்கி இருந்தது. தம்பி ரீட் இடுப்பில் தீ அழைப்புப் பேஜர் தொங்குகிற மாதிரியே தொங்கும். அதற்காகவே வாங்கினாள்.

ரீட் அவளுடைய இரட்டை. நாலு நிமிடம் இளையவன். பதினாறு முடிந்ததும் தீயணைப்புத் தொண்டர் படையில் பயிற்சிக்குச் சேரலாம், வீட்டுக்கு ஒரு பிள்ளைதான். மூன்று வருடமாக ஞாயிறுதோறும் வண்டிகளைக் கழுவியவள் டெஸ். சேர்ந்தவன் ரீட்.

"ஏன்ப்பா அவன்?" என்று கேட்டாள், பிறந்தநாள் அன்றைக்கே.

படைத் தலைவரான அப்பா வெய்ன் உருளைக்கிழங்குப் பாத்திரத்தை ரீட் பக்கம் நகர்த்தினார். "அவன் கேட்டான்."

"நானும்தான் கேட்டேன்."

"தெரியும்டா கண்ணு," என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் ரீட்டின் தட்டுக்குப் பக்கத்தில் பேஜர் உட்கார்ந்திருக்கும், வீட்டுக்கு வந்த மருமகள் மாதிரி. அப்பாவின் பேச்சு முழுக்க அந்தப் பக்கம்தான்.

"கதவத் தொடுறதுக்கு முன்னாடி ஜன்னலப் பாரு ரீட். தீக்குக் காத்து பத்தலைன்னா வீடே மூச்ச உள்ள இழுக்கும். கண்ணால பாக்கலாம். அப்படி இழுத்துச்சுன்னா கதவத் திறந்துடாத. திறந்தா நீ காலி."

டெஸ் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டாள். அவளுக்குச் சொன்னதில்லை என்றாலும்.

"என்ன டெஸ், உன் பொம்மைல இன்னைக்கு எந்த மாடு பேசிச்சு?" என்று ரீட் இளித்தான்.

"உன்னத்தான் கேட்டுச்சு. கூட்டத்துல ஒண்ணு குறையுதாம்."

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பிலும் கை ரீட்டின் தோளில்தான் இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் எண்கள் மறுபடி அங்கே நின்றன. இந்த முறை குரல் வந்தது.

"யோஸ்ட் களஞ்சியம். வடக்குச் சுவர். புகை."

சிகரெட்டில் தேய்ந்த, அவசரமே படாத குரல். ஊரில் அந்தக் குரலை அறியாதவர் இல்லை. முப்பது வருடம் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து ஊரின் ஒவ்வொரு விபத்தையும் அறிவித்த லோர்னா. ஈஸ்டர் வாரத்தில் அவளைப் புதைத்தார்கள். டெஸ்தான் பூக்கூடை பிடித்தாள்.

பழைய பதிவு ஏதாவது ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டாள். ஐந்து நிமிடம் கழித்து ரீட்டின் பேஜர் கத்தியது.

புதன்கிழமை, பாலத்தடியில் கவிழ்ந்த வண்டி. பேஜருக்குச் சரியாக ஐந்து நிமிடம் முன்னால் அதே குரல்.

பயம் இருந்தது. முதுகெலும்பில் யாரோ ஈர விரலால் தடவிய மாதிரி. ஆனால் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, தித்திப்பாக. ரீட் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடிவந்தபோது அவள் படிக்கட்டில் சாய்ந்து நின்றாள்.

"பாலத்தடிதானே?"

அவன் முகம் போன போக்கை அன்று ராத்திரி முழுக்க நினைத்து நினைத்து ரசித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. இது ஒன்றாவது அவளுக்கு மட்டும்.

வியாழன் பயிற்சி நாள். அப்பாவும் ரீட்டும் நிலையத்தில். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. மாடியறையில் டெஸ் மட்டும். குளிர் புகாமலிருக்க நவம்பரிலேயே அம்மா ஜன்னல் சட்டத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் மேளத்தோல் போல விறைத்திருந்தது. வெளியே பனி விழும் சத்தம். அதாவது, ஒரு சத்தமும் இல்லை.

ஆறு நாற்பதுக்கு எண்கள் நின்றன.

"இருபத்தாறு," என்றது லோர்னாவின் குரல். "இருபத்தாறு, கேக்குதா?"

படையில் இருபத்தாறு ரீட்டின் எண்.

இந்தக் கேள்வி எப்போது வரும் என்று தொண்டர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒரு தொண்டர் இறந்தால் கல்லறையில் வண்டியின் ரேடியோவைச் சத்தமாக வைப்பார்கள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவர் எண்ணை மூன்று முறை கூப்பிடுவார்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவே ஒரு முழு நிமிடம் விடுவார்கள், பதில் வராது என்று எல்லோருக்கும் தெரிந்தே. யாரும் இருமக்கூட மாட்டார்கள். பதில் சொல்வது இறந்தவரின் உரிமை. அப்புறம், "பணி முடிந்தது" என்று ஒரு குரல். அதற்கப்புறம் அந்த எண் காலி. அடுத்த ஆளுக்குப் போகும்.

போனை எடுத்தாள். திரையில் ரீட்டின் பெயர். ஐந்து நிமிடம் இருக்கிறது. கூப்பிடணும். பயிற்சியை நிறுத்தச் சொல்லணும்.

எண் காலியாகும்.

யார் நினைத்தது அது? அறையில் வேறு யாரும் இல்லை.

வீட்டுக்கு ஒரு பிள்ளை. அப்பாவுக்கு வேறு வழி இருக்காது. தட்டுக்குப் பக்கத்தில் பேஜர். தோளில் கை.

விரல் பெயரின் மேலேயே நின்றது. அழுத்தவில்லை.

"இருபத்தாறு. கேக்குதா?"

இரண்டாவது. ஒரு நிமிடம் போயிருந்தது. இன்னும் விரல் அசையவில்லை. வாயில் உப்புக் கரித்தது. எப்போது அழ ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை. ச்சே. என் தம்பி. நாலே நாலு நிமிடம். அழுத்தினாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. பயிற்சியின்போது போன்கள் எல்லாம் அலமாரிக்குள். மறுபடி அழுத்தினாள். மறுபடியும்.

யாராவது பதில் சொல்லிவிட்டால் அது கடைசி அழைப்பு இல்லை. அப்படித்தானே?

அதோடு, ஒரே ஒரு தடவை அந்த எண்ணைத் தன்னுடையதாகச் சொல்லிப் பார்க்கவும் ஆசை. அதுவும் உண்மை.

ஸ்கேனரை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள். அதில் பேச வழியே கிடையாது. அது கேட்க மட்டும்தான்.

"இருபத்தாறு," என்றாள். "இங்கதான் இருக்கேன்."

எண்கள் ஓடவில்லை.

"சரி, இருபத்தாறு," என்றது லோர்னா, தாளில் குறித்துக்கொள்வது போல. "பதினோராவது சாலை. மாடி வீடு. வெள்ளை வேலி. கீழே தீ. மேலே ஒருத்தர்."

அவர்கள் வீடு.

உடனே இன்னொரு குரல், மூச்சு வாங்க, உடைந்து. "அப்பா! படி போயிடுச்சுப்பா! டெஸ் மேல இருக்கா!"

"பின்னால வாடா! ரீட், பின்னால வா!"

அப்புறம் ஒன்றுமில்லை.

வீடு அமைதியாக இருந்தது. புகை வாசனை இல்லை. ஐந்து நிமிடம் முன்னால். எப்போதும் ஐந்து நிமிடம் முன்னால். ஓடிவிடலாம். படி இன்னும் இருக்கிறது.

கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஆறு நாற்பத்தைந்து.

முதல் அழைப்பு நாற்பதுக்கு.

கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். சுட்டது. கையை இழுத்துக்கொண்டாள். தோல் கொஞ்சம் அங்கேயே ஒட்டி நின்றது. கீழே எங்கோ ஒரு முனகல், தூங்குகிறவர் புரண்டு படுப்பது போல.

ஸ்கேனர் இருட்டில் மினுங்கியது. "இருபத்தாறு. கேக்குதா?"

மூன்றாவது.

டெஸ் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். விறைத்திருந்த பிளாஸ்டிக் தாள் அறைக்குள்ளே உப்பியது. மெல்ல. இன்னும் மெல்ல. இன்னும்.

வீடு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.